சனிக்கிழமைச் சிவப்பு

1912-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் பதினேழாம் தேதி, சனிக்கிழமை, மாலை ஐந்தேகால் மணிக்கு எங்கள் வீட்டுப் பின்வாசலில் ஒரு துணிமூட்டை இறங்கியது. மணியை நான் இவ்வளவு திட்டமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மறுநாள் திருவிருந்து ஆராதனை. கோயில் மேசைக்கு விரிக்கும் வெள்ளைத் துணியை ஆறு மணிக்குள் கொண்டுபோய்க் கொடுக்கும் முறை அந்த மாதம் எங்கள் வீட்டுடையது. ஆகவே நான் உள்ளறைக் கடிகாரத்துக்கும் பின்வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தேன். அம்மா மூட்டையை அவிழ்த்து, மேலே இருந்த விரிப்பை எடுத்து உதறினார். உதறிய கை பாதியில் நின்றது. விரிப்பின் ஒரு பாதியில், மாதுளம்பூவைக் கசக்கித் தேய்த்ததுபோல், வெளிறிய சிவப்பு ஏறியிருந்தது.

"இது என்னளா?" என்றார் அம்மா.

மூட்டையைக் கொண்டுவந்தவர் எங்கள் சபைக் குடும்பங்களுக்கெல்லாம் துணி வெளுத்துவந்த பெண்மணி. அம்மாவைவிட நாலைந்து வயது மூத்தவர். எங்கள் குடியிருப்பில் யாரும் அவரை மரியாதைப் பன்மையில் அழைத்ததில்லை, நானும் அழைத்ததில்லை. இந்தப் பக்கங்களில் அப்படி எழுதுகிறேன். இது காலம் கடந்த மரியாதை என்பதையும் அறிவேன்.

"தண்ணி செவக்குதும்மா. வெள்ளாவியில இருந்து எடுக்கையில பால் மாதிரிதான் இருந்துச்சு. ஆத்துல அலசுனேன், இப்படி ஆயிட்டு. நான் என்ன செய்யட்டும்?"

"ஆறு செவக்குமா? இது என்ன எகிப்து தேசத்து நதியாளா, ரத்தமா ஓடுததுக்கு? ஏதோ செவப்புச் சேலையையும் சேத்து முக்கியிருக்க. அதச் சொல்லு."

"என் புள்ளைக மேல சத்தியமா இல்லம்மா."

"சத்தியம் பண்ணாத. எங்க வீட்டு வாசல்ல நின்னு சத்தியம் பண்ணாத."

மறுநாள் மேசைக்குப் பழைய விரிப்பு ஒன்றை, ஒட்டுப்போட்ட இடம் பின்புறம் மறையும்படி மடித்து விரித்தார்கள். மறைத்தும் எல்லோரும் பார்த்தார்கள். ஆராதனை முடிந்து வெளியே வந்த பெண்களுக்கு அன்று வேறு பேச்சு இல்லை. ஒருவருடைய மேலாடை, ஒருவருடைய ஞாயிற்றுக்கிழமைச் சேலை, குழந்தையின் ஞானஸ்நான உடுப்பு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கறை நினைவுக்கு வந்தது. சில வாரங்களாகவே இது நடந்துவந்திருக்கிறது. முறையிட ஒரு மேசை விரிப்பு தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

சபைக் கமிட்டியின் செயலர் என் தந்தை. மிஷன் பள்ளியில் ஆசிரியர்; கண்ணில் புரை விழத் தொடங்கியிருந்ததால் அவருடைய எழுத்து வேலைகள் எல்லாம் என் கையால் நடந்தன. நான் அப்போது பாளையங்கோட்டையில் பெண்கள் கல்லூரியில் இன்டர்மீடியட் வகுப்பில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்துக்கொண்டிருந்தேன். நகருக்குக் கிழக்கே, தாமிரபரணியின் தென்கரையில் கோயிலைச் சுற்றியிருந்த எங்கள் குடியிருப்பிலிருந்து தினமும் வண்டியில் போய்வருவேன். வகுப்பில் வாய் திறக்காதவள் என்றும், பேனாவைத் திறந்தால் மூடாதவள் என்றும் பெயர்.

"சலவைக்காரி விஷயமா ஒரு முறையீடு எழுதணும்மா. குடும்பத்துக்காரங்க எல்லாரும் கையெழுத்துப் போடுத மாதிரி. சுருக்கமா, கண்டிப்பா இருக்கட்டும்," என்றார் அப்பா.

எழுதினேன். சுருக்கமாகவும் கண்டிப்பாகவும் எழுதினேன். 'ஆற்றின் தூய்மையை மதியாத கையே துணியின் தூய்மையைக் கெடுத்தது' என்று அதில் ஒரு வாக்கியம் வரும். அதன் இரு பாதிகளும் ஒரே எடையில் நிற்கவேண்டும் என்று மூன்று முறை திருத்தினேன். அதில் உண்மை இருக்கிறதா என்று ஒரு முறையும் பார்க்கவில்லை. கமிட்டியில் அதை வாசித்தபோது, சாயப்பட்டறை அண்ணாச்சி 'ஆகா' என்றாராம். அப்பா பெருமையோடு வந்து சொன்னார்; நானும் பெருமைப்பட்டேன். இன்று நினைத்தால் முகம் எரிகிறது.

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் குடியிருப்புக்குச் சற்று மேற்கே, ஆற்றோரம் நூலுக்குச் சாயம் ஏற்றும் பட்டறை வைத்திருந்தார். கமிட்டியில் அவர் சொல்லுக்கு மறுசொல் கிடையாது. கொடுமைக்காரர் அல்லர். சிரித்த முகம், கோயிலுக்குக் கடிகாரம் வாங்கித் தந்தவர், யார் வீட்டில் சாவு என்றாலும் முதலில் வந்து நிற்பவர். அப்பா அவரை அண்ணாச்சி என்று அழைப்பதால் நான் பெரியப்பா என்று அழைப்பேன். "பாவம், ஏழை, தெரியாம செஞ்சிருப்பா. ஆனா ஆண்டவர் மேசைத் துணியாச்சேவே," என்று அவர்தான் அன்று கமிட்டியில் இரக்கத்தோடு பேசியவர்.

விசாரணையும் நடந்தது, நடக்கவில்லை என்று சொல்லமாட்டேன். அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் குருவானவரும் அப்பாவும் அண்ணாச்சியும் எங்கள் படித்துறைக்குப் போனார்கள். குருவானவர் வீட்டுக் கண்ணாடித் தம்ளரில் ஆற்றுநீரை மொண்டு வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்கள். நீர் தெளிந்திருந்தது. அப்பா அதை வீட்டுக்குக் கொண்டுவந்து எனக்கும் காட்டினார். ஓர் ஆற்றை விசாரிக்க ஒரு தம்ளர் போதும், ஒரு காலை போதும் என்று படித்த மூன்று பேர் நம்பினார்கள். நான்காவதாக நானும் நம்பினேன். ஞாயிற்றுக்கிழமை தீர்மானம் வந்தது: சலவைக்காரியை நிறுத்திவிடுவது, ஈஸ்டர் பண்டிகைக்குள் வேறு ஆளைப் பார்ப்பது.

திங்கட்கிழமை மாலை கடைசி மூட்டையோடு அவர் வந்தார். அம்மா துணிகளை எண்ணி வாங்கிக்கொண்டு உள்ளே போனார். நான் கதவோரம் நின்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார்.

"சின்னம்மா எழுதுன காயிதமாமே?"

அவர் மூட்டை கட்டிவந்த துணியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ரொம்ப நல்லா எழுதியிருக்குன்னு பேசிக்கிடுதாவ. பத்து வீடு போயிட்டுன்னா என் அடுப்பு எப்படி எரியும்? அது கெடக்கட்டும். ஒண்ணு கேக்கேன், கோவப்படாதிய. அந்தத் தண்ணிய என்னைக்காவது போயிப் பாத்திருக்கியளா?"

பார்த்ததில்லை. அதுதான் உண்மை. எங்கள் வீட்டில் கிணறு இருந்தது. ஆசிரியர் வீட்டுப் பெண்கள் படித்துறைக்குப் போவது வழக்கமில்லை. அதே ஆண்டு வகுப்பில் தாமிரபரணியைப் பற்றி நான் எழுதிய கட்டுரையில் மருத நிழலும் நுரையும் துள்ளும் கெண்டையும் இருந்தன. ஆசிரியை அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினார். அந்தக் கெண்டைகளில் ஒன்றையும் நான் கண்டதில்லை. எல்லாம் படித்த செய்யுள்களிலிருந்து பிடித்தவை. காணாத ஆற்றைப் புகழ்ந்தேன். காணாத குற்றத்தைச் சாட்டினேன். இரண்டுக்கும் ஒரே பேனா.

துணி வெளுக்க ஆள் இல்லாததால் மறுநாள் முதல் எங்கள் துணியை நாங்களே துவைக்கவேண்டியதாயிற்று. வெள்ளைத்துணிக்குக் கிணற்றின் உப்புநீர் ஆகாது. ஆகவே கல்லூரியிலிருந்து வந்ததும் ஆற்றுக்குப் போக எனக்கு ஒரு முறையான காரணம் கிடைத்தது.

போனவுடன் கண்ணில் பட்டது கொரம்பு. முள்ளும் தழையும் மணலும் கொண்டு ஆற்றின் குறுக்கே போடும் தற்காலிக அணையைத்தான் எங்கள் பக்கத்தில் கொரம்பு என்போம். அடுத்த வெள்ளம் அதை அடித்துக்கொண்டு போய்விடும். ஆறு தன் வழியைத் தானே திருத்திக்கொள்ளும். ஆனால் அண்ணாச்சி இரண்டு ஆண்டுகளுக்கு முன் போட்டது அப்படிப் போகவில்லை. பனந்துண்டுகளை நட்டு, கல் அடுக்கி, வெள்ளத்துக்கும் அசையாதபடி கட்டியிருந்தார். சாயம் ஏற்றிய நூலை அலச ஓடும் நீர் நிறைய வேண்டும். மாசி மாதத்தில் எங்கள் பகுதியில் ஆறு இரண்டு கிளையாகப் பிரிந்து, வடகிளை அகலமாகவும் தென்கிளை நூலாகவும் ஓடும். அவர் வடகிளையின் வாயை அடைத்து முழு நீரையும் தெற்கே, தம் பட்டறை வாசலுக்குத் திருப்பினார்.

அதற்காக எங்கள் கோயிலில் ஸ்தோத்திர ஜெபம் நடந்தது! கோடையில் சுடுமணலில் நடந்துபோய் நீர் மொண்டுவந்த பெண்களுக்கு, படித்துறையின் கடைசிப்படியிலேயே ஆறு வந்து நின்றால் சந்தோஷம்தானே? நானும் அந்த ஜெபத்தில் 'ஆமென்' சொன்னேன். வடகிளை என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. இப்போது கேட்டேன். அங்கே மணலில் வெள்ளரி போட்டுப் பிழைத்தவர்கள் அந்த ஆண்டே போய்விட்டார்களாம். தேங்கிய குட்டைகளில் மீன்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்க, கொக்குகள் இரண்டு நாள் தின்றுவிட்டுப் பறந்தன; அதன்பின் கொக்கும் வரவில்லை. எதிர்க்கரை மருதமரங்களில் மூன்று, நுனியிலிருந்து பட்டுக்கொண்டு வந்தன. எங்கள் வசதிக்கு அக்கரை விலை கொடுத்திருக்கிறது. நாங்கள் அதற்கு ஸ்தோத்திரம் செலுத்தியிருக்கிறோம்.

நீரோ தெளிவாகவே இருந்தது. அன்றும், மறுநாளும். தம்ளர் சொன்னதையே என் கண்ணும் சொன்னது. ஆனால் நான் ஆற்றின் அருகே நிற்பது நாளுக்கு அரைமணி நேரம். மற்ற நேரத்தில் அது என்ன செய்கிறது என்பதற்கு எனக்குப் பதிலாக ஒரு சாட்சி வேண்டும். கறைபட்டது வெள்ளைத்துணி, ஆகவே வெள்ளைத்துணியே சாட்சியாக இருக்கட்டும் என்று தீர்மானித்தேன். அப்பாவின் பழைய வேட்டி ஒன்றை விரல் அகல நாடாக்களாகக் கிழித்தேன். ஒன்றைக் கொரம்புக்கு மேலே ஒரு நாணல் தூரில் கட்டினேன். ஒன்றைப் பட்டறைக்குக் கீழே, எங்கள் படித்துறைக் கல்லில். ஆறே கலங்கிவருகிறது என்று நாளை யாரும் சொல்லிவிடக் கூடாது. அதற்காகத்தான் மேலே ஒன்று. தினமும் மாலை ஐந்து மணிக்குப் பழையதை அவிழ்த்துப் புதியதைக் கட்டுவது.

தொடக்கத்திலேயே பிழை செய்தேன். நாடாவில் தேதியை மையால் எழுதியிருந்தேன். மை கரைந்து ஒவ்வொரு நாடாவும் நீலமாக வந்தது. சாயத்தைப் பிடிக்கப் போட்ட கண்ணியில் என் சாயமே விழுந்தது. மூன்று நாள் வீண். மிஷன் பள்ளியில் எங்களுக்கு எழுத்துக்கு முன்பே தையல் கற்றுக்கொடுப்பார்கள். குறுக்குத்தையலில் எண்களையும் எழுத்துகளையும் போட்டுப் பழகாத பெண் எங்கள் குடியிருப்பில் இல்லை. மார்ச் முதல் தேதியிலிருந்து தேதியைக் கறுப்பு நூலால் தைத்துவிட்டேன்.

"அந்த வேட்டியக் கிழிச்சிட்டியா? அப்பா கேட்டா என்ன சொல்லுவ?" என்றார் அம்மா.

"தண்ணியப் பாக்கேம்மா."

"தண்ணியப் பாக்க வேட்டி எதுக்கு? கண்ணு இல்லையா?"

மார்ச் இரண்டாம் தேதி சனிக்கிழமை. கல்லூரி இல்லை, மாலை நான்கு மணிக்கே ஆற்றுக்குப் போனேன். படித்துறையில் முதலில் பார்த்தது நீரை அல்ல, நத்தைகளை. கல்லில் ஒட்டி நீருக்குள் வாழ்பவை அவை. அன்று வரிசையாக நீரைவிட்டு வெளியேறி, வெயில் காய்ந்த மூன்றாம் படிவரை ஊர்ந்து வந்து ஓடுகளை மூடிக்கொண்டு கிடந்தன. அயிரைக் குஞ்சுகள் படியோரம் கூடி, வாயை நீர்மட்டத்துக்கு மேலே நீட்டி நீட்டித் திறந்தன. சில வயிறு மேலாக மிதந்தன. அதன்பிறகே நீரைப் பார்த்தேன். கரையிலிருந்து நாலு முழ அகலத்துக்கு, வெற்றிலை மென்று துப்பியதுபோல் சிவந்த ஒரு பட்டை, பட்டறைப் பக்கமிருந்து நழுவி வந்துகொண்டிருந்தது. நாடாவை அவிழ்த்தேன். சிவப்பு. கொரம்புக்கு மேலே கட்டியதை ஓடிப்போய் அவிழ்த்தேன். வெள்ளை.

நான் கத்தியிருக்கவேண்டும். கத்தவில்லை, எனக்குக் கத்த வராது. படியில் உட்கார்ந்து நத்தைகளை எண்ணினேன். நாற்பத்தொன்று. அவை நீரைவிட்டு வந்தது பிழைக்க. எங்களுக்குத் துணி வெளுத்தவர் எங்கே ஏறிப் பிழைப்பார்?

ஞாயிறன்று மங்கிய சாயல். திங்கள் முதல் வெள்ளி வரை வெள்ளை. அடுத்த சனி மறுபடியும் சிவப்பு. அப்போதுதான் விளங்கியது. எனக்கு மட்டுமல்ல, எங்கள் சபையில் எல்லோருக்கும் தெரிந்த ஒரு செய்தியால்தான் விளங்கியது. ஓய்வுநாளான ஞாயிற்றுக்கிழமையில் தம் பட்டறையில் ஒரு வேலையும் நடக்கக் கூடாது என்பது அண்ணாச்சியின் வைராக்கியம். ஆளை நிறுத்துவதோடு அவர் நிற்கமாட்டார். தொட்டியில் நூல் ஊறுவதும் வேலைதான் என்று, சனிக்கிழமை நண்பகலில் எல்லாத் தொட்டிகளையும் திறந்து விட்டுவிடுவார். குருவானவர் அதைப் பிரசங்கத்தில் எடுத்துச் சொல்லி, 'இப்படியல்லவா ஆசரிக்கவேண்டும்' என்றிருக்கிறார். முன்பு சிறு தொட்டிகள், வேரிலும் பட்டையிலும் எடுத்த சாயம். அந்தத் தை மாதத்திலிருந்து சீமையிலிருந்து தகர டப்பாவில் வரும் சிவப்புப் பொடி, பெரிய தொட்டிகள். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுத்த வேண்டும் என்பதற்காக நாங்கள் கேட்கும் துணிகளை, அந்தப் பெண்மணி சனிக்கிழமை நண்பகலில்தான் அலசுவார். எங்கள் வெள்ளையும் எங்கள் சிவப்பும், ஒரே ஓய்வுநாளை முன்னிட்டு, ஒரே மணிக்கு, ஒரே நீரில் இறங்கியிருக்கின்றன. தம்ளரோ செவ்வாய்க்கிழமை போயிற்று.

நான் அவசரப்படவில்லை. முன்பு ஒருமுறை பாராமல் எழுதியவள் இப்போது போதுமான அளவு பார்க்கவேண்டும் என்று என்னைக் கட்டாயப்படுத்திக்கொண்டேன். ஒரு பழைய போர்வையில் நாடாக்களை வரிசையாகத் தைத்தேன். ஒரு வரிசைக்கு ஒரு வாரம், ஞாயிறில் தொடங்கிச் சனியில் முடிய. மேல்நாடா மேலே, கீழ்நாடா கீழே. நாலு வாரம் சேர்ந்தபோது போர்வையின் கடைசிப் பத்தியில் மட்டும் மேலிருந்து கீழாக நாலு சிவப்புத் துண்டுகள் நின்றன. அம்மா அதைக் கூடத்தில் விரித்து வெகுநேரம் பார்த்தார். "சத்தியம் பண்ணாதன்னு சொன்னேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

மார்ச் இருபத்தெட்டாம் தேதி வியாழக்கிழமை மாலை, ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நோன்புக்கால ஜெபத்துக்குப் பிறகு கமிட்டி கூடியது. ஈஸ்டருக்குத் துணி யார் வெளுப்பது என்பதுதான் அன்றைய பேச்சு. அப்பா போர்வையை மேசைமேல் விரித்தார். அம்மாவும் நானும் பக்கவாசலில் நின்றோம்.

அண்ணாச்சிதான் முதலில் குனிந்து பார்த்தார். "அடடே, நம்ம பிள்ளைக்குத் தையல் எவ்வளவு நல்லா வருது! வாத்தியாரே, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்தா இத எடுத்துக் காட்டும்வே."

சிரிப்பு எழுந்தது. அவர் விரலால் தேதிகளை ஓட்டிக்கொண்டே போய் நிறுத்தினார். "இங்கன பாருங்க ஐயா, ஞாயித்துக்கிழமையும் கட்டியிருக்கா! ஓய்வுநாள்ல தொழில் பாத்திருக்கா. இவளுக்கு என்ன தண்டன?"

மறுபடி சிரிப்பு. குருவானவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் கடைசிப் பத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சனிக்கிழமை என்ன நடக்குது?" என்று கேட்டார்.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, பைய, "சனிக்கிழமை மத்தியானம் அண்ணாச்சி தொட்டியத் தொறந்து விடுதாக, ஐயா," என்றார்.

"ஆமா, தொறக்கேன். தொறக்காம? ஓய்வுநாள்ல என் தொட்டியில ஒரு சிட்டம் நூல் ஊறப்படாது. ஐயாவே பிரசங்கத்துல சொன்னியளே..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். போர்வையை மறுபடி பார்த்தார். அவர் முகத்திலிருந்து சிரிப்பு கழன்றது. அவருக்கு அதுவரை தெரியாது என்பதை நான் அப்போது கண்டேன். என் கோபம் அதனால் குறையவில்லை. தெரிந்துகொள்ளத் தேவையில்லாத இடத்தில் அவர் இருந்தார். அந்த இடத்தை அவருக்குக் கொடுத்தது நாங்கள் எல்லோரும்.

"சரி. குத்தம் என் பக்கந்தான்," என்றார். "இனிமே வெள்ளிக்கிழமை காலையிலயே தொறந்துருதேன். நாளைக்கே தொடங்கிருவோம். ஒரு நாள் வேல கெட்டாக் கெடட்டும். சனிக்கிழமைக்குள்ள ஆறு தெளிஞ்சிரும். உங்க துணி பால் மாதிரி வரும்."

"ஸ்தோத்திரம்," என்றார் ஒருவர். நாற்காலிகள் நகர்ந்தன. அண்ணாச்சியின் தியாகத்தை இன்னொருவர் பாராட்டினார். அம்மா என் கையைப் பிடித்தார், போகலாம் என்று. நான் போகவில்லை.

"பெரியப்பா, வெள்ளிக்கிழமையும் அது ஆறுதானே?"

அத்தனை பேரும் திரும்பினார்கள். அந்த அறையில் என் குரல் கேட்டது அதுவே முதல் முறை.

"அதுக்கு?"

"நம்ம படித்துறைக்கு அங்கிட்டு, கீழத்துறையில ஆளுக குளிக்காங்க. அந்தத் தண்ணியக் குடிக்காங்க. மீனு சாவுது. நத்தை கரையேறி வந்துருது."

"அப்போ நத்தைக்கும் சேத்து ஒரு கமிட்டி போடணுமோ?"

இம்முறை சிரிப்பு முன்னைவிடப் பலமாக இருந்தது. நான் விடவில்லை. "கொரம்பையாவது பிரிச்சு விடுங்க. பாதித் தண்ணியாவது சாயம் படாம அந்தப் பக்கம் போனா..."

"கொரம்பப் பிரிக்கதா? நம்ம வீட்டுப் பொம்பளைக திரும்ப மணல்ல நடக்கணுமா? என்ன பேச்சு பேசுதா இவ!" இதைச் சொன்னது அண்ணாச்சி அல்ல, வாசலில் என் பக்கத்தில் நின்ற ஒரு பெண்.

குருவானவர் கனிவாகத்தான் சொன்னார்: "கீழத்துறை நம்ம சபைத் துறை இல்லையேம்மா."

ஆற்றுக்குச் சபை உண்டு என்பது எனக்கு அன்றுவரை தெரியாது.

பிறகு அப்பா தீர்மானப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதவேண்டும். பட்டறைத் தொட்டிகள் வெள்ளிக்கிழமை திறக்கப்படும் என்பது முதலாவது. எழுதினேன். "இரண்டாவது. சலவைக்காரி மன்னிக்கப்பட்டாள், வழக்கம்போல் வேலையைத் தொடரலாம்."

பேனா நின்றது. மன்னிப்பா? செய்யாத குற்றத்துக்கு? மன்னிக்கவேண்டிய இடத்தில் இருந்தது யார்? பத்து வீட்டு வேலையால் எரிந்த அவருடைய அடுப்பை நாங்கள் நாலு வாரத்துக்கு மேல் அணைத்து வைத்தோம். நான் அதற்கு அழகான வாக்கியம் எழுதிக்கொடுத்தேன். ஒரு கறைபட்ட துணிக்காகக் கூடிய கமிட்டி, ஒரு கறைபட்ட பெயருக்காக ஒரு சொல்லைக்கூட மாற்றிப்போடாது.

"அப்பா, 'சபை அவரிடம் மன்னிப்புக் கேட்கிறது'ன்னு எழுதலாமா?"

"சொன்னத எழுதும்மா."

"அப்போ இத நீங்களே எழுதிருங்க." புத்தகத்தை மேசைமேல் வைத்தேன். அப்பாவின் பேச்சை நான் மறுத்தது அதற்கு முன் நினைவில் இல்லை. அவர் கண்ணைச் சுருக்கி, வரி கோணலாக, தாமே எழுதினார்.

வெளியே கோயில் மதிலோரம் அந்தப் பெண்மணி நின்றிருந்தார். கமிட்டி கூடுவது தெரிந்து, பொழுது சாயும்வரை காத்திருந்தார். நான் போய்ச் சொன்னேன்: வீடுகள் திரும்பக் கிடைத்துவிட்டன, சனிக்கிழமை இனி நீர் சிவக்காது, வெள்ளிக்கிழமை காலையில் தொட்டி திறப்பார்கள். அவரிடம் கேட்கவேண்டிய மன்னிப்பையும் கேட்டேன். சரியாகக் கேட்டேனா என்று தெரியவில்லை. எழுதி வைத்திருந்தால் நன்றாக வந்திருக்கும், ஆனால் அந்த நன்றாக வருவதில் எனக்கு அருவருப்பு உண்டாகியிருந்தது.

அவர் முதலில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு யோசித்தார்.

"வெள்ளிக்கிழமையா?"

"ஆமா."

"வெள்ளிக்கிழமை எங்க பொம்பளைக எல்லாரும் தலமுழுகுத நாளுல்லா, சின்னம்மா. பச்சப் புள்ளையில இருந்து கெழவி வரைக்கும் கீழத்துறையிலதான் கெடப்பாக." கொஞ்சம் சிரித்தார். "சரி. உங்க சேல வெள்ளையா வரும். எங்க தல செவப்பா வரும். எண்ணெய்க்கு நல்லா ஒட்டும்."

"அவங்ககிட்டச் சொல்லுங்க. நாளைக்கு இறங்க வேண்டாம்னு."

"சொல்லுதேன். நாளைக்கு எறங்கமாட்டாக. அடுத்த வெள்ளி? அதுக்கு அடுத்த வெள்ளி?"

அவர் போய்விட்டார். கமிட்டி அறையில் இன்னும் பேச்சுக்குரல் கேட்டது. ஈஸ்டர் காலையில் எல்லோரும் வெள்ளை உடுத்தி வருவது எவ்வளவு அழகாக இருக்கும் என்று யாரோ சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள், மார்ச் இருபத்தொன்பதாம் தேதி வெள்ளிக்கிழமை, காலை ஆறரை மணிக்கு நான் கீழத்துறைக்குப் போனேன். எங்கள் படித்துறையைத் தாண்டிச் சற்றுத் தூரம். அதற்கு முன் ஒருநாளும் அங்கே கால் வைத்ததில்லை. நாடா எதையும் கொண்டுபோகவில்லை. ஈஸ்டருக்கென்று அம்மா எடுத்துக் கொடுத்திருந்த புது வெள்ளைச் சேலையை மடிப்புக் கலையாமல் கொண்டுபோனேன். துறையில் அந்தப் பெண்மணி மட்டும் நின்று, வருபவர்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்.

"என்ன சின்னம்மா இது, புதுசுல்லா?"

"புதுசுதான்," என்றேன்.

ஏழு மணி சுமாருக்குச் சிவப்பு வந்தது. முந்தானையைக் கையில் பிடித்துக்கொண்டு சேலை முழுவதையும் ஓட்டத்தில் விட்டேன். சேலைக்கரையில் சாயம் பிடித்தது, உடலில் பிடித்தது, கடைசியில் கையில் இருந்த முந்தானையையும் நனைத்தேன். பிழிந்து, தாழம்புதர்மேல் விரித்து, அது காயும்வரை உட்கார்ந்து, ஓரத்தில் கறுப்பு நூலால் தேதியையும் கிழமையையும் தைத்தேன். மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஈஸ்டருக்குக் கோயிலுக்கு உடுத்திப் போக என்னிடம் வேறு வெள்ளைச் சேலை இல்லை.